குண்டுமணி இலையும் முதலாளியின் குரலும்

நிலக்கோட்டையில் என் பெயரில் பூ மண்டி நடக்கிறது. திண்டுக்கல்லில் மாடி வீடு நிற்கிறது. மல்லிகை ஏற்றிப் போக வேன்கள் ஓடுகின்றன. பாறைதான் வரும் என்று ஊரே சிரித்த காட்டில் கிணறு வெட்டித் தண்ணீரையும் கண்டேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இதையெல்லாம் எவன் தயவிலும் கட்டவில்லை. இவை எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து சொல்லாத ஒன்றும் உண்டு. என் முதலாளியின் குரலைக் காப்பாற்றியவன் நான்.

அப்போது அவருடைய மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் மார்க்கெட்டில் மண்டி யாருடையதோ அவர் வாயால்தான் ஏலம் கூவ வேண்டும். வேறு ஆள் கூவினால் விலையில் ஏதோ சூது என்று விவசாயி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மண்டிக்குப் போய்விடுவார். முதலாளிக்கோ கோயில் மணி மாதிரி தொண்டை. ஒரு முகூர்த்த மாதத்தில் அந்தத் தொண்டை அடைத்துக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது. கையை ஆட்டி விலை சொல்லிப் பார்த்தார். "என்னய்யா, ஊமைப் படமா ஓட்டுறீக?" என்று விவசாயிகள் கேலி பேச, மூட்டைகள் ஒவ்வொன்றாகப் பக்கத்து மண்டிக்கு நகர்ந்தன. இன்னும் சில நாள் இப்படியே போனால் மண்டியைப் பூட்ட வேண்டியதுதான்.

மண்டியின் பின்வேலியில் குண்டுமணிக் கொடி படர்ந்து கிடந்தது. ஆடு மேய்த்த காலத்தில் பசிக்கு அந்த இலையைத்தான் மெல்லுவேன். வாயெல்லாம் இனிக்கும், தொண்டை வழவழவென்று இளகும். ஒரு கை இலையைப் பறித்துக்கொண்டு வந்தேன். முதலாளியம்மா அலறிவிட்டார். "ஏலே, அது குண்டுமணிடா! மனுசனக் கொல்லப் பாக்குறியா?"

"கொல்லுறது அந்த மணிதாம்மா. இது எலை" என்று சொல்லி அவர் கண் முன்னாலேயே மென்று விழுங்கினேன். நான் விழுகிறேனா என்று முதலாளி செத்த நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். மென்றதும் முகம் மலர்ந்தது. "ஏலே, கருப்பட்டிய இம்புட்டு நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றார், காற்றுக் குரலில். நாலைந்து நாளில் தொண்டை திறந்தது. போன மூட்டைகள் திரும்பி வந்தன. அதன்பின் விடிந்ததும் என்னைப் பார்த்து "அப்பு, எலை எங்க?" என்று கேட்டு, கன்னத்தில் அடக்கிய பிறகே ஏலத்துக்கு நிற்பார். அதை மார்க்கெட்டே கேட்டது.

முதலாளி இன்று இல்லை. அண்மையில் அவர் பிள்ளைகள் அதே இடத்தில் புது மண்டிக் கட்டடம் திறந்தார்கள். எனக்குக் கடைசி வரிசையில் நாற்காலி. வந்தவர்களுக்கெல்லாம் வெல்வெட் சுருக்குப் பை கொடுத்தார்கள். பிரித்தால் உள்ளே சிவப்பும் கறுப்புமாகக் குண்டுமணி! மூத்தவன் மைக்கில் சொல்கிறான்: "எங்கப்பா கண்டுபிடிச்ச மூலிகைங்க. இத மென்னுகிட்டுதான் ஏலம் கூவுவாரு." எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைத்துவிட்டார்.

எழுந்தேன். ஏலக் குரலில் கத்தினேன். "துப்புங்கய்யா! மெல்லாதீக, விஷம்!" அவர் பதறித் துப்பினார்.

மூத்தவன் சிரித்தான். "உக்காருங்க பெருசு. எங்கப்பாவுக்கே வைத்தியம் சொல்லுவீக போல."

"ஆமாடா, சொன்னேன்! நான்தான் சொன்னேன்!"

கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும். பின்வேலிக்குப் போய்க் கொடியோடு பிடுங்கி வந்து மேடையேறி மென்று காட்டினேன். முன்வரிசையில் இருந்த முதலாளியம்மா எழுந்து வந்து, என் கையிலிருந்து ஓர் இலையை எடுத்து வாயில் போட்டார். "இதுதான்யா. மணி இல்ல, எலை. பையெல்லாத்தையும் திரும்ப வாங்குங்க" என்றார். வாங்கினார்கள். ஆனால் யார் பறித்துக் கொடுத்தது என்று அந்த அம்மாவும் சொல்லவில்லை. மகனும் கேட்கவில்லை.

புது மண்டியின் வாசலில் பதித்த கல்லில் இன்றும் 'தந்தையார் கண்டறிந்த மூலிகை' என்றே இருக்கிறது. என் முதலாளி பெரிய மனிதர், அவர் பெயர் மேலே இருக்கட்டும். மார்க்கெட் அறிய அவர் தினமும் என்னிடம்தான் இலை கேட்டார். முதலாளி பிள்ளைகளே, நான் பிச்சை கேட்கவில்லை, என் பங்கைக் கேட்கிறேன். அந்த வரியைச் செதுக்கி எடுத்துவிட்டு, இலையைக் காட்டியவன் நான் என்று என் பெயரை வெட்டுங்கள். உயிரோடு இருக்கும்போதே வெட்டுங்கள். நான் வந்து பார்க்க வேண்டும்.