அவசரநிலைக்கு ஓர் ஆடு

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்கு பஸ் ஏறி, அரசு வேலைத் தேர்வுக்கான பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். என் பக்கத்தில் உட்காருபவள் அரியமங்கலத்து ஸ்டெல்லா. நான் பத்துப் பக்கம் எழுதுவதை அவள் ஒரே தாளில் மைண்ட் மேப்பாக வரைந்துவிடுவாள். நடுவில் தலைப்பு, சுற்றிலும் கலர் கலராகக் கிளைகள், குட்டிக் குட்டிப் படங்கள். சார் அதை வகுப்புக்கே தூக்கிக் காட்டியபோது எனக்கு வயிறு எரிந்தது.

அவள் கை கழுவப் போன நேரத்தில், அரசியலமைப்பு மேப்பைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். என் நோட்டைத் தொடாமல் ஒரு வாரம் அதையே படித்தேன்.

மாதிரித் தேர்வில், ‘அவசரநிலை எத்தனை வகைப்படும்?’ என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கிளையில் அவள் வரைந்திருந்த ஆடு கண்முன் வந்து நின்றது. விடை வரவில்லை. வகுப்பிலேயே குறைந்த மார்க் எனக்குத்தான். நல்லவேளை, அது நிஜத் தேர்வு இல்லை.

வெட்கத்தை விட்டு, அந்த ஆடு எதற்கு என்று அவளிடமே கேட்டேன்.

“எங்க ஆடு ஒரே ஈத்துல மூணு குட்டி போட்டுச்சுக்கா. அவசரநிலையும் மூணு வகைதானே, அதான். ஆமா, அந்த ஆடு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போனைப் பைக்குள் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.

இப்போது என் மேப்பை நானே வரைகிறேன். அவளுடையதுதான் இன்னமும் அழகு. பொறாமையும் முழுசாகப் போகவில்லை. ஆனால் என் அவசரநிலைக் கிளையில் இருப்பது, தினமும் மூன்று விசில் விடும் என் குக்கர்.