ஒரே வீட்டில் இரண்டு ராச்சாப்பாடு

கல்லாவித் திம்மப்பன் குறட்டை விட்டால் பக்கத்து ஊர் நாய்கள் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்யும். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஓசூரில் ஒரு கம்பெனி வாசலில், ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருக்கிற உத்தியோகம் வாய்த்தது. விதி என்றால் அதுதான்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. கடலை போடவும் கேழ்வரகு அறுக்கவும் தெரியும், அவ்வளவுதான். தம்பி முனிராஜும் அவன் பெண்சாதியும் பைக்கில் போகையில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சியது ஒன்பது வயது ஹரிணியும் ஆறு வயது மாதேஷும். காரியம் முடிந்த கையோடு சொந்தக்காரர்கள் உட்கார்ந்து, பெண்பிள்ளை அம்மா வழிக்கு, ஆண்பிள்ளை அப்பா வழிக்கு என்று பாகம் பிரித்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் பாதியில் கெடக் கூடாது, முழுப்பரீட்சை வரை இரண்டும் ஓசூரிலேயே இருக்கட்டும் என்றும் முடிவானது.

அதனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் திம்மப்பனும், செத்துப்போனவளின் தங்கை நிர்மலாவும் முனிராஜ் குடியிருந்த வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவளுக்கு இருபத்தாறு வயது. செல்போன் பாகம் பூட்டும் கம்பெனியில் வேலை. இவர் கிண்டும் களியைப் பார்த்து அவள் முகம் சுளிப்பாள். அவள் செய்யும் நூடுல்ஸைப் பார்த்து இவர், "மண்புழுவுக்கு மசாலா போட்டிருக்குது" என்பார். நல்லவேளை, இருவரும் நேருக்கு நேர் பார்ப்பதே அபூர்வம். விடியுமுன் அவளைக் கம்பெனி பஸ் தூக்கிப் போகும். அவள் திரும்பும்போது இவர் டூட்டிக்குக் கிளம்பியிருப்பார். ஞாயிறு அவளுக்கு லீவு என்றால், இவர் கடலைக் காட்டைப் பார்க்கச் சொந்த ஊர் கல்லாவிக்குப் பஸ் ஏறிவிடுவார்.

காலையில் வந்ததும் கேட்பார்: "ராத்திரி சின்னம்மா என்னா ஆக்கிப் போட்டா?"

ஹரிணி தரையைப் பார்ப்பாள். "ஒண்ணும் இல்ல பெரிப்பா. போன் பாத்துக்கினே தூங்கிட்டாங்க."

அன்று சாயங்காலம் திம்மப்பன் டூட்டிக்குப் போகுமுன் ஆளுக்கு ஒரு உருண்டைக் களியைக் கூடுதலாக வைத்து, கீரைக் கடைசல் ஊற்றி, விழுங்குகிற வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். அவர் தலை மறைந்ததும் வந்து சேரும் நிர்மலாவிடம் அதே ஹரிணி, "பெரிப்பா பட்டினி போட்டுட்டுப் போயிட்டாரு" என்பாள். அவள் பையைக்கூட இறக்காமல் தோசைக்கல்லைப் பற்றவைப்பாள்.

பிள்ளைகள் ஊதினார்கள். மாதேஷ் ஏறினால் பள்ளி வேன் கர்நாடகா பக்கமாகச் சாயும். டிரைவர் எதிர்ப்பக்கம் நான்கு பிள்ளைகளை உட்காரவைத்துச் சரிக்கட்டினார். திம்மப்பனோ, ஒரு வேளைக் களிக்கே இந்த உடம்பு என்றால் அந்தப் பெண்ணும் ஒழுங்காகச் சோறு போட்டால் எப்படி இருப்பான் என்று ஏங்கினார். கடைசியில் ஒரு முடிவுக்கும் வந்தார். பரீட்சை வரை காத்திருக்கப் போவதில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் பையனைக் கல்லாவிக்கே கூட்டிப்போய் அங்கே பள்ளியில் சேர்த்துவிடுவது.

பூஜை அன்று இரண்டு கம்பெனிக்கும் லீவு. சாயங்காலம் பொரி, கடலை எல்லாம் தின்று முடித்த பிறகு அவர் களித்தட்டை வைத்தார். பக்கத்தில் நிர்மலா தோசைத்தட்டை வைத்தாள்.

"இன்னிக்கு என்னா புதுசா அக்கறை?" என்றார்.

"நானும் அதைத்தான் கேக்கலாம்னு இருந்தேன் மாமா."

"பேச்சு வேண்டாம். காலையில பையனைக் கூட்டிக்கினு ஊருக்குப் போறேன். பட்டினிக்கு விட்டுட்டுப் போவ எனக்கு மனசு வரலை."

"பட்டினி போட்டது யாரு? நீங்களா நானா?"

மாதேஷ் இரண்டு தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "தினமும் மொதல்ல களி, அப்புறம் தோசை. இன்னிக்கு ரெண்டும் ஒண்ணா வந்திருச்சு" என்றான்.

பெரியவர்கள் இருவரும் ஹரிணியைப் பார்த்தார்கள். அவள் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னம்மா நல்லா பாத்துக்கறாங்கன்னு சொன்னா நீங்க ஊருக்குப் போயிருவீங்க பெரிப்பா. நீங்க நல்லா பாத்துக்கறீங்கன்னா அவங்க போயிருவாங்க. போறப்ப ஆளுக்கு ஒருத்தரா எங்களைப் பிச்சிக்கினு போவீங்க. அன்னிக்கே பேசினீங்க இல்ல?"

வெளியே யாரோ திருஷ்டிப் பூசணிக்காயை உடைத்தார்கள்.

நிர்மலாதான் முதலில் வாயைத் திறந்தாள். "இத்தனை நாளா என்னைப் பேய்னு நெனைச்சீங்களா மாமா?"

"நீ என்னை என்னான்னு நெனைச்சே?"

"வேணாம், பண்டிகை நாளு."

திம்மப்பன் எழுந்தார். மூலையில் இருந்த கட்டைப் பையிலிருந்து மாதேஷின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டார். "நீ போவியா?" என்று அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"நீங்க போவலைன்னா நானும் போவலை. ஆனா ராத்திரிக்குத் தோசைதான்."

"களிதான்."

"தோசை."

அப்போது அவர் போன் அடித்தது. கல்லாவியிலிருந்து காட்டுப் பங்காளி ராஜப்பன். "அண்ணே, நாளைக்கு எந்த பஸ்சுல வர்றீங்க? பையனைப் பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

"வரலை ராஜப்பா. இந்த வருசம் காட்டை நீயே பாத்துக்க."

"ஏன், என்னா ஆச்சு?"

"ரெண்டு பிள்ளைங்களும் ஒரு ராத்திரிக்கு ஒரு சாப்பாடுன்னு பழகணும். அதுக்கே வருசக்கணக்கு ஆவும்போல இருக்குது" என்றார் திம்மப்பன்.