மைக் விழுங்கிய பெயர்

என் தம்பியை ஊரில் எல்லோரும் ‘ஹலோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவன் தொழில். கல்யாணமோ, கட்சிக் கூட்டமோ, பள்ளி விழாவோ, மேடையில் முதலில் ஏறுவது அவன்தான். “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவான். அதற்கு மேல் ஒரு வார்த்தை மைக்கில் பேசியவன் இல்லை.

அவன் வேலைசெய்யும் அழகைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வயரையும் முறுக்கு விழாமல் சுற்றி, நுனியில் கலர் டேப் ஒட்டி, அதற்குரிய ஆணியில் மாட்டுவான். மழை வந்தால் தன் தலை நனைந்தாலும் ஆம்ப்ளிஃபையருக்குக் குடை பிடிப்பான். சத்தம் இரைகிறது என்று யாராவது சொன்னால் கூட்டத்தின் கடைசி வரிசைவரை நடந்து போய், அங்கே நின்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவான். எட்டாம் வகுப்போடு ஆடை ஆலைக்கு வேலைக்குப் போன நான் இவனைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பினேன். அனுப்பியது வீண்போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் மைக்கையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். அதற்குக் கூலி கிடையாது. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மேசை, அதன்மேல் மிக்ஸர். அதில் மேலும் கீழும் நகர்கிற சின்னச் சின்னக் கட்டைகள் உண்டு; கட்டையை இறக்கினால் அந்த மைக்கின் சத்தம் அடங்கிவிடும். போதகரின் மைக்குக்கு உரிய கட்டையில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கும்.

பாட்டு முடிந்ததும் போதகர் பொது ஜெபம் செய்வார். நோயாளிகள், பயணம் போகிறவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், கடைசியில் ஆளுகிறவர்கள். ஆளுகிறவர்களைப் பெயர் சொல்லி ஜெபிப்பது எங்கள் சபையின் வழக்கம். நாம் ஓட்டுப் போட்டவரா, போடாதவரா என்று பார்ப்பதில்லை. “நமக்குப் பிடிச்சவங்களுக்கு மட்டும் கேட்டா அது ஜெபம் இல்ல, சிபாரிசு” என்பார் போதகர்.

போன தேர்தலில் புதிய நகரத் தலைவர் வந்தார். வந்ததும் செய்த முதல் வேலை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த இரவுத் தங்குமிடத்தைப் பூட்டியது. வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம். மூட்டை தூக்குகிறவர்கள், பிள்ளைகள் கைவிட்டவர்கள், போக்கிடம் இல்லாதவர்கள் படுத்திருந்த இடம் அது. அங்கே ஓடிய மின்விசிறிகளை என் தம்பிதான் சும்மா பழுது பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். பூட்டியபிறகு அவர்கள் நடைபாதைக்கு வந்துவிட்டார்கள். காலையில் இவன் கடை ஷட்டரைத் தூக்கினால், அவர்களில் ஒருவரான செருப்புத் தைக்கிற பெரியவர் படியில் சுருண்டு கிடப்பார். “எந்திரிங்க பெரியவரே, டீ குடிக்கலாம்” என்று தினமும் எழுப்புவான். தலைவரைத் திட்டி மட்டும் நான் கேட்டதில்லை. அவன் திட்டாமல் இருந்தாலே எனக்குப் பயம்.

அதற்குப் பிறகுதான் சபையில் மைக் கோளாறு செய்ய ஆரம்பித்தது. நோயாளிகளுக்கான ஜெபம் கணீரென்று கேட்கும். பரீட்சைக்காரர்களுக்கானதும் கேட்கும். “எங்கள் நகரத் தலைவர்” என்று போதகர் சொல்லும்வரை கேட்கும். பிறகு பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு பொட்டு அமைதி. அடுத்து “அவர்களுக்கு நல்ல ஞானத்தைத் தாரும்” என்று மறுபடி கணீர். எங்கள் மண்டபம் நீளமானது, போதகரோ மெல்லிய குரல்காரர். மைக் இல்லையென்றால் முன்வரிசைக்கே உதடு அசைவதுதான் தெரியும்.

நான் ஆலையில் தைத்த சட்டைகளில் குறை பார்க்கிறவள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிற குறை துணியின் குறை அல்ல, கையின் குறை. மூன்றாவது வாரம் நான் திரும்பிப் பார்த்தேன். தம்பியின் விரல் சிவப்பு டேப் மேல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “ஏன்டா, சாமி கும்பிடுற இடத்துல விளையாட்டா?”

“விளையாட்டு இல்லக்கா. என்னால அந்தப் பேரைப் பெருசாக்க முடியல.”

“கட்சிக் கூட்டத்துல அதே பேரைத் தெரு முழுக்க அலற விடுறியே?”

“அது தொழில். காசு குடுத்தா யார் பேரும் கேட்கும். இது நானே ஆமென் சொல்ற இடம். அவருக்கு நல்லது நடக்கட்டும்னு எல்லாரும் ஆமென் சொல்றப்போ, அந்தத் தங்குமிடத்தைப் பூட்டினதுக்கும் சேர்த்து ஆமென் சொல்ற மாதிரி இருக்கு.”

“அப்போ நீ சொல்லாம இரு. எங்க எல்லார் ஆமெனையும் ஏன்டா பிடுங்குற?”

அவன் தட்டைக் கழுவினான். கழுவின தட்டை மறுபடியும் கழுவினான்.

அந்த வாரமே போதகர் அவன் கடைக்கு வந்தார். நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். மைக்கைப் பழுதுபார்க்கச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அவர் ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்து தொண்டையைத் தடவிக்கொண்டார்.

“தம்பி, மைக்ல கோளாறு இல்ல. கோளாறு என்கிட்ட.”

“ஐயா?”

“அந்த ஆள் பேர் வர்ற இடத்துல என் குரல் அடங்கிடுது. நான் சொல்றதாத்தான் நினைக்கிறேன், ஆனா யாருக்கும் கேக்கல. டாக்டர்கிட்ட போனேன். நாக்கை நீட்டச் சொன்னார், ஆ சொல்லச் சொன்னார், ஒண்ணுமில்லைன்னுட்டார். அப்போ இது உடம்புல இல்ல, மனசுல.” குரலைத் தாழ்த்தினார். “எனக்கும் அவரைப் பிடிக்கல தம்பி. தங்குமிடத்தைப் பூட்டின அன்னைக்கு வீட்டுக்குள்ள என்னென்னவோ சொன்னேன். மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணுன்னு நிக்கிறவன் சபைக்கு முன்னால ஜெபம் பண்ணக் கூடாது. வர்ற ஞாயித்துக்கிழமை எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டு, பொது ஜெபத்தை வேற யார்கிட்டயாவது குடுத்துடப் போறேன்.”

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் ஒரு வயரை ஆணியிலிருந்து எடுத்தான், அதே ஆணியில் மாட்டினான். வாயைத் திறந்தால் சபையில் அவன் மேசை போகும், பெயரும் போகும். திறக்காவிட்டால் ஒரு நல்ல மனுஷன் செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்து நிற்பார்.

“ஐயா, அது நீங்க இல்ல,” என்றான். “நான்தான் கட்டையை இறக்குறேன்.”

போதகருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்தே விட்டார். “டாக்டர்கிட்ட நாக்கை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்டா நான்! வரிசையில பாதிப் பேர் நம்ம சபைக்காரங்க!”

“மன்னிச்சிடுங்க ஐயா.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மறுபடி உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது. “நான் வேற ஒண்ணு நினைச்சுக்கிட்டிருந்தேன். ஆண்டவரே என் வாயை அடைக்கிறாரோன்னு. அவருக்கே அந்த ஆளைப் பிடிக்கலையோன்னு. உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோஷமாக் கூட இருந்துச்சு. கடைசியில பாத்தா நீ.”

இதற்கு அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. டீ வாங்கி வந்தேன்.

தம்பி கேட்டான், “ஐயா, அவருக்கு நல்லது கேட்டா, அவர் செய்றதெல்லாம் சரின்னு ஆயிடாதா?”

“ஆகாதுன்னு நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களா, தெரியுமா?”

“நினைக்கிறேன்பா. கேக்காமலே விட்டா நமக்கும் அவருக்கும் நடுவுல பகை மட்டும்தான் மிஞ்சும். கேட்டா... என்ன மிஞ்சும்னு எனக்கும் சரியாத் தெரியல.” டீயை ஒரே மடக்கில் குடித்தார். “ஒண்ணு செய். இந்த வாரம் ஆளுகிறவங்களுக்கான ஜெபத்தை நீயே பண்ணு. பொய் சொல்லாம என்ன சொல்ல முடியுமோ அதை மட்டும் சொல்லு.”

“நானா? எனக்கு ஹலோவைத் தவிர ஒண்ணும் தெரியாதே ஐயா!”

“அதுலேருந்து ஆரம்பி.”

ஞாயிற்றுக்கிழமை மிக்ஸரில் என்னை உட்கார வைத்தான். “அக்கா, எதையும் தொடாதே. தும்மல் வந்தாக்கூட அந்தப் பக்கம் திரும்பித் தும்மு” என்று சொல்லிவிட்டு முன்னால் போனான். மைக் அவன் உயரத்துக்கு இல்லை. எல்லோருக்கும் சரிசெய்து கொடுக்கிறவன் தனக்குச் சரிசெய்ய மறந்துவிட்டான்.

குனிந்தபடியே பேசினான். முதலில், இத்தனை வாரம் பெயரை அடைத்தது தான்தான் என்று சபையிடம் சொன்னான். முணுமுணுப்பு எழுந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டான். தலைவரின் பெயரை முழுதாகச் சொன்னான். மண்டபம் முழுக்கக் கேட்டது.

“ஆண்டவரே, இவரை எனக்குப் பிடிக்கல. அது உமக்குத் தெரியும். இவருக்கு நல்ல தூக்கத்தைத் தாரும். இவர் வீட்டுப் பிள்ளைங்களைக் காப்பாத்தும். இவர் பூட்டின தங்குமிடத்தைத் திறக்கணும். இவர் திறக்கலன்னாலும் இவருக்குக் கெட்டது நடக்கட்டும்னு நான் நினைக்காம இருக்கணும். அது என்னால முடியுமான்னு தெரியல. ஆமென்.”

வெளியே வந்ததும் மரக்கடைக்காரர் வழிமறித்தார். அவர் தலைவரின் கட்சி. “என்னய்யா ஹலோ, இது ஜெபமா, எதிர்க்கட்சிக் கூட்டமா? ஆண்டவர்கிட்ட போட்டுக்குடுக்கிற!”

அவர் போனதும் தபால்காரர் வந்தார். அவர் நேர் எதிர்க்கட்சி. “எப்பவும்போல அந்தப் பேரை முழுங்கியிருக்கலாம்ல? போயும் போயும் அந்தாளுக்கு நல்ல தூக்கம் வேணுமாம்! இங்க நடைபாதையில கிடக்கிறவன் தூங்குறானா?”

“ரெண்டு பேர் சொல்றதும் சரியா இருக்கேக்கா,” என்றான் தம்பி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால், வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வரச் சொன்னேன்.

விஷயம் தலைவர் காதுக்குப் போனது. மரக்கடைக்காரர் சும்மா இருப்பாரா? மனு வாங்கும் நாளில் தம்பியை வரச் சொல்லி ஆள் வந்தது. கடையின் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அவனைத் தனியாக விடாமல் நானும் கூடப் போனேன்.

தலைவர் அறையில் மேசை நிறையக் கோப்புகள். அவர் ஒரு பக்கக் கன்னத்தில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கைக்குட்டைக்கு வெளியேயும் வீக்கம் தெரிந்தது.

“நீதான் எனக்காக வேண்டிக்கிட்டவனா?”

“ஆமாங்க.”

“அது ஜெபமா, மனுவா?”

தம்பி யோசித்தான். “எனக்கே சரியாத் தெரியலீங்க.”

அவர் சிரிக்கப் பார்த்தார், வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்தினார். “நல்ல தூக்கம் கேட்டியாமே. நாலு நாளாக் கண்ணே மூடல. உன் ஆண்டவர் உன் பேச்சைக் கேக்க மாட்டார் போலிருக்கே.”

“நீங்களும் கேக்க மாட்டேங்கிறீங்களே. தங்குமிடத்தைத் திறந்துவிடுங்க.”

“அதுல உனக்குத் தெரியாத கணக்கெல்லாம் இருக்குப்பா. பார்க்கலாம். அடுத்த வாரமும் ஜெபம் உண்டா?”

“உண்டுங்க.”

“பூட்டு விஷயத்தை மட்டும் விட்டுடு. ஆளாளுக்குக் கேக்கிறாங்க.”

“அதை விட்டா நான் பொய் சொல்ற மாதிரி ஆயிடும்.”

உரிமத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. போகலாம் என்று கையை மட்டும் காட்டினார்.

தெருவுக்கு வந்ததும் தம்பி வேகமாக நடந்தான். இவ்வளவு கோபத்தில் அவனை நான் பார்த்ததில்லை. “தலைவர் முன்னாடியே தைரியமாப் பேசிட்டியேடா, இன்னும் என்ன கோபம்?” என்றேன். எனக்குப் பெருமையில் கால் தரையில் படவில்லை.

“அவர் கன்னத்தைப் பாத்தியாக்கா? எப்படி வீங்கியிருக்கு? எனக்குப் பாவமாப் போச்சு. கிராம்பு வைக்கச் சொல்லலாமான்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. பூட்டைத் திறக்கவே மாட்டேங்கிற ஆளு! அவர்மேல எனக்கு ஏன் பாவம் வரணும்? சண்டை போடத்தானே போனேன்?”

“பாவம் வந்தா சண்டை போடக் கூடாதா?”

“தெரியலையே. எப்படிப் போடுறது?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் பல்வலிக்கும் சேர்த்து ஜெபித்தான், பூட்டையும் விடவில்லை. மரக்கடைக்காரர் பல்லுக்கு மட்டும் ஆமென் சொன்னார். தபால்காரர் பூட்டுக்கு மட்டும் சொன்னார். போதகர் இரண்டுக்கும் சொன்னார், இரண்டாவதைக் கொஞ்சம் சத்தமாக. தங்குமிடம் இன்னும் திறக்கவில்லை.

இன்று மறுபடியும் மனு வாங்கும் நாள். மூட்டை தூக்குகிறவர்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு கிளம்பினான். வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்.

“அக்கா, உள்ள போனதும் பல்லை முதல்ல விசாரிக்கிறதா, பூட்டை முதல்ல கேக்கிறதா? பல்லை முதல்ல கேட்டா இவங்க எல்லாம் என்னை என்ன நினைப்பாங்க? பூட்டை முதல்ல கேட்டா, பல்லைப் பத்திக் கேக்கிறது நடிப்பு மாதிரி ஆயிடாதா?”

சட்டையில் ஒரு நூல் பிரிந்தாலும் கண்டுபிடிக்கிற எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. “எது முதல்ல வாயில வருதோ அதைக் கேளு, இன்னொண்ணைக் கேக்காம வந்துடாதே” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறான். இன்னும் வரவில்லை.