நான் குறைத்துச் சொன்ன இந்தி

சவூதியில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் சொந்த ஊரான பேட்டைக்குத் திரும்பியபோது என் கையிலிருந்த ஒரே கூடுதல் தகுதி, அங்கே வடக்கத்தியர்களோடு பழகிக் கற்ற இந்தி. கங்கைகொண்டானில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் அதற்காகவே என்னை ஷிப்ட் சூப்பர்வைசராக எடுத்தார்கள். பிளான்ட் மேனேஜர் மிஸ்ரா சார் ஜபல்பூர்க்காரர், தமிழ் தெரியாது. ஆபரேட்டர்களுக்கு இந்தி தெரியாது. நடுவில் நான்.

முதல் வாரமே ஒன்றைக் கவனித்தேன். குறை சொன்னால் சாரின் முகம் சுருங்கும். "சமாளித்துவிடுவார்கள் சார்" என்றால் தோளில் தட்டுவார். கேன்டீனில் தன் மேஜைக்கே கூப்பிடுவார். "ரஹீம் பாய் இருந்தால் எனக்குத் தலைவலியே இல்லை" என்று ஹெட் ஆபீஸ்காரர்களிடம் அவர் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஃபேன் ஓடல, வெந்து சாவுதோம்" என்று ஆபரேட்டர்கள் சொல்வதை, "கொஞ்சம் புழுக்கமாம்" என்று இந்தியில் சொல்ல ஆரம்பித்தேன்.

தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் இசக்கியம்மாள் என்று ஒரு பெண் இருந்தாள். கை உள்ளே போனால் மெஷின் தானாக நின்றுவிட ஒரு சென்சார் உண்டு. ஒரு புதன்கிழமை, ரவுண்ட்ஸ் வந்த சாரை அவள் வழிமறித்தாள்.

"அண்ணாச்சி, சார்ட்ட சொல்லுங்க. சென்சார் வேல செய்யல. கை உள்ள இருக்கும்போதே இறங்குது. நேத்து தப்பிச்சதே பெருசு. சரி பண்ணாம இனி இதத் தொட மாட்டேன்."

அன்று லோடு போயாக வேண்டும். "என்ன சொல்கிறாள்?" என்றார் சார்.

"சென்சாரை ஒருதரம் சர்வீஸ் பண்ண வேண்டுமாம் சார்."

"ஞாயிற்றுக்கிழமை பண்ணிவிடலாம்."

நான் அவளிடம் திரும்பி, "சார் பாத்துக்கிடுதேங்காரும்மா. ஞாயித்துக்கெழம வரைக்கும் பைய ஓட்டு" என்றேன். மெதுவாக ஓட்டச் சொல்லி அவர் சொல்லவே இல்லை.

என் பேச்சை நம்பி அவள் மெஷினை ஓட்டினாள். வெள்ளிக்கிழமை காலை அதில் அவள் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்கு சாரும் நானும் போனோம். "ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று கேள்" என்றார். அந்தக் கேள்வியையும் நான்தான் தமிழில் கேட்டேன்.

இசக்கி சாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "சொன்னேம்லா, உங்ககிட்டதான சொன்னேன். தொட மாட்டேன்னு சொன்னேம்லா."

"என்ன சொல்கிறாள்?" என்றார் சார். அவள் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். புதன்கிழமை நான் குறைத்ததையும் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. வராந்தாவுக்கு வந்ததும், "என் முகத்துக்குப் பயந்தாயா?" என்றார். ஆமாம் என்றேன். "தெரிந்திருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன்." நிறுத்தியிருப்பாரா, தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அவருக்கும் நான் கொடுக்கவில்லை.

என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். சார் அதன்பிறகு என்னைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டதில்லை.

மேலதிகாரியிடம் நல்ல பெயர் வாங்குவது எப்படி என்று இப்போது புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். நான் வாங்கினேன். அவர் கேட்க வேண்டியதையெல்லாம் அவர் காதுக்குப் போகாமல் தடுத்து வாங்கினேன். அவர் முகம் சுருங்கட்டும், சொல்லிவிடுங்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்த பதில்.

இசக்கி இப்போது பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிறாள். ஒருநாள் கேட்டாள்:

"நான் அன்னைக்கு எம்புட்டுக் கோவமா சொன்னேன். அந்தக் கோவத்த எங்கன வச்சிட்டீங்க, அண்ணாச்சி?"