கூட வந்தவரிடம் சொல்லியாயிற்று

தெருமுனையில் இஸ்திரி போடுகிறவளுக்கு வாய் நீளம் என்று பேர். இருக்கட்டுமே! சட்டையைக் கசக்கிக் கொண்டுவந்து போட்டுவிட்டு, மடிப்பு சரியில்லை என்று மூக்கைச் சுளிக்கிறவர்களிடம் பின்னே எப்படிப் பேசுவது? அவளுக்கு வாய்த்தவரோ காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுகிறவர். முட்டைக்கோஸுக்காகத் தொண்டை கிழியக் கத்துவார். பெண்டாட்டி உடம்பைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மட்டும் மனிதருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு மறுபடி கரு தங்கியபோது, வேண்டாம் என்று தீர்மானித்தவள் அவள்தான். ஸ்கேன் எடுத்துக்கொண்டதும், கலைக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதும் அவள். ஆனால் அவள் போன ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. படுத்திருப்பவளிடம் யாரும் பேசமாட்டார்கள். நர்ஸம்மா கதவைப் பாதி திறந்து, "பேஷண்டோட வந்தவங்க யாரு?" என்று வெளியே தலையை நீட்டுவாள். கேள்வியும் அங்கேதான், பதிலும் அங்கேதான்.

"இவங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காம இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க," என்றார் ஏலக்காரர், சுவரைப் பார்த்தபடி.

"இருக்கு!" உள்ளேயிருந்து கத்தினாள் அவள். "போன தடவை ஊசி போட்டு மூஞ்சியெல்லாம் வீங்கிச்சு. அந்த ஊசிச் சீட்டு என் பையிலதான் இருக்கு. என்னைக் கேளுங்கம்மா, எனக்கு வாய் இருக்கு!"

நர்ஸம்மா சீட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். அதற்காக வழக்கத்தை மாற்றிக்கொண்டாளா? நல்ல கதை! சிகிச்சை முடிந்து இவள் அரை மயக்கத்தில் கிடக்க, பிறகு கவனிக்கவேண்டியதையெல்லாம் தாழ்வாரத்தில் நின்று அவரிடமே ஒப்பித்தாள். பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். 'ரத்தம்' என்ற சொல் காதில் விழுந்ததுமே இவருக்குக் காது அடைத்துப்போயிற்று. எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவைத்தார்.

"என்ன சொன்னாங்க?" என்று ஆட்டோவில் கேட்டாள்.

"நல்லபடியா முடிஞ்சுதாம். ரெஸ்ட் எடுக்கணுமாம்."

அந்த ரெஸ்ட்டும் எத்தனை லட்சணம்! இரண்டாம் நாளே மாமியார் சமையலறையைக் காட்டினாள். அதற்குள் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. வைத்த துணி வைத்ததும் நனைந்தது. வாடையும் சரியில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது.

"உள்ள இருக்கிற அழுக்கெல்லாம் போகுது, போகட்டும்," என்றாள் மாமியார், வைத்தியம் படித்துக் கிழித்தவள் மாதிரி.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க," என்றாள் அவரிடம்.

"ரெண்டு நாள் பாப்போமே. திரும்பத் திரும்பப் போய் நின்னா நாலு பேரு என்னன்னு கேப்பாங்க."

பார்த்தாள். குளிர் தூக்கிப் போட்டது. எழுந்தால் கண் இருட்டியது. இந்த வீட்டை நம்பினால் பிள்ளைகள் தாயில்லாப் பிள்ளைகள் ஆகிவிடும் என்று தோன்றியதும் பயம் போய்க் கோபம் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஆட்டோவை நிறுத்தித் தானே ஏறிக்கொண்டாள்.

அதே ஆஸ்பத்திரியில் பரிசோதித்த டாக்டரம்மா அதட்டினாள். "உள்ள கொஞ்சம் தங்கியிருக்கு, கிருமி பிடிச்சிருக்கு. இன்னும் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், தாங்க முடியாத வலி, கெட்ட வாடை, துணி மாத்தி மாத்தி நனைஞ்சா உடனே வரணும்னு சொன்னோமே!"

"யார்கிட்ட சொன்னீங்க?"

"உங்க வீட்டுக்காரர்கிட்ட."

"வயிறு அவரோடதா டாக்டரம்மா?"

டாக்டரம்மா நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தாள்.

மீண்டும் சுத்தம் செய்து மருந்து ஏற்றி, காய்ச்சல் இறங்கியபின் ஏலக்காரர் வந்து சேர்ந்தார். கட்டில் ஓரத்தில் நெளிந்தார். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நர்ஸம்மா அப்படிச் சொல்லவும் எனக்கு வெக்கமாப் போச்சு. மானம் போயிடுமேன்னு..."

"என் உயிர் போயிருந்தா உங்க மானம் பத்திரமா இருந்திருக்கும், இல்லே?"

நர்ஸம்மா உள்ளே வந்தாள். பழக்க தோஷம், அவர் பக்கமே திரும்பினாள்.

"இந்தப் பக்கம்மா," என்றாள் இவள்.

நர்ஸம்மா முகம் சிவந்து கட்டிலருகே வந்தாள். "காய்ச்சல் விட்டுடுச்சுன்னு மாத்திரையை நிறுத்தாதீங்க, முழுசும் முடிக்கணும். டாக்டர் சொல்ற வரைக்கும் வீட்டுக்காரரோட சேர்க்கை கூடாது. அப்புறம், அடுத்த மாசவிடாய் வர்றதுக்கு முன்னாடியே மறுபடி கரு தங்கலாம். அதனால தடுப்புக்கு என்ன செய்யறதுன்னு இப்பவே..."

ஏலக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். "நீங்க பேசுங்க. நான் வெளிய இருக்கேன்."

அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "உக்காருங்க. இது உங்களுக்குந்தான்."