முந்திரிச் சட்டியில் வறுத்த காப்பி

என் மனைவி சிதம்பரத்துக்காரி. நான் கடலூர், மஞ்சக்குப்பம். பஸ் ஏறி ஜன்னலோரமாக ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊர் வந்துவிடும். ஆனால் காப்பி விஷயத்தில் நாங்கள் வேறு வேறு கண்டத்தில் பிறந்தவர்கள். எங்கள் வீட்டில் டீதான். அதுவும் முக்குக் கடையில் தூக்குவாளியில் வாங்கி வருகிற டீ. அவள் வீட்டிலோ விடிவதற்குள் பில்டரில் டிகாஷன் இறங்கியிருக்கும்.

கல்யாணமான புதிதில் ஆசையாக ஒரு பாக்கெட் காப்பித்தூள் வாங்கிப் போய்க் கொடுத்தேன். ஓரத்தைக் கிழித்து மூக்கருகே கொண்டுபோனாள். "பாதிக்குப் பாதி சிக்கரி. அரைச்சு ஒரு மாசமாவது இருக்கும். எவன் உங்க தலையில கட்டுனான்?" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லாத் தூளும் ஒன்றுதானே, இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டேன். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், முப்பது வருஷமாகியும் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்ட மூக்கு அது. எதிர்வீட்டில் தோசை தீய்ந்தால் இங்கிருந்தே குரல் கொடுப்பாள். பிறகு கொரோனா வந்தது. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் படுக்கப் போட்டது. எனக்குக் காய்ச்சலோடு போயிற்று. அவளுக்கு வாசனை போய்விட்டது.

கொஞ்ச நாளில் திரும்பிவிடும் என்றார்கள். தெருவில் எல்லோருக்கும் திரும்பியது, இவளுக்கு மட்டும் திரும்பவில்லை. டாக்டரிடம் போனோம். "வரும்னு நம்புவோம்மா. கிராம்பு, எலுமிச்சை, காப்பித்தூள்னு தினம் எதையாவது மோந்து பாருங்க. மூளைக்கு ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கணும்" என்றார். முதலில் அவள் அதையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டாள். ஒருமுறை சிதம்பரம் பஸ்ஸில் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்து சீட் மட்டும் காலியாக இருந்தது. பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டு வர, இவள் மட்டும் மகாராணி மாதிரி அதில் உட்கார்ந்து வந்தாள். "பாத்தீங்களா, எனக்கு ரிசர்வேஷன்" என்று வேறு சொன்னாள்.

அந்தச் சிரிப்பு ஒரு நாள் நின்றுபோனது. அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பால் சுண்டி, அடிபிடித்து, கருகியே போய்விட்டது. வாசலில் இருந்த நான் நாற்றம் தாங்காமல் ஓடிவந்து அடுப்பை அணைத்தேன். "நான் பக்கத்துலயேதாங்க நின்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்றோடு பில்டரை என்னிடம் கொடுத்துவிட்டாள். "இனிமே நீங்களே போடுங்க. எனக்குக் காப்பியும் ஒண்ணுதான், வெந்நீரும் ஒண்ணுதான்." அவள் என்னைக் கழுதை என்றபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

எப்படியாவது அந்த மூக்கை மீட்டுவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். மூளைக்கு ஞாபகப்படுத்த வேண்டும் என்றுதானே டாக்டர் சொன்னார்? உலகத்தில் காப்பி விளைகிற ஒவ்வொரு நாட்டுத் தூளையும் வரவழைப்பது, சாயங்காலம் போட்டுக் கொடுப்பது, குடிக்கும்போதே அந்த நாட்டுக்குக் காப்பி வந்த கதையையும் சொல்வது. வாசனை ஏறாவிட்டாலும் கதையாவது ஏறட்டும். ரிட்டயரான மனுஷனுக்கு வேறு என்ன வேலை? அவள் இதற்குப் பூகோள வகுப்பு என்று பேர் வைத்தாள்.

ஏமனில் தொடங்கினேன். அந்த ஊர்க்காரர்கள் முளைக்கிற கொட்டையை வெளியே விடவே மாட்டார்களாம். வேகவைத்தோ வறுத்தோதான் கப்பல் ஏற்றுவார்களாம். ஹஜ் போய்த் திரும்பிய ஒரு பெரியவர் ஏழே ஏழு கொட்டையை உடம்போடு மறைத்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது நம் பக்கத்துக் கதை. டச்சுக்காரன் அதை ஜாவாவுக்குக் கொண்டுபோனான். ஜாவாச் செடியின் வாரிசு ஒன்று பிரெஞ்சு ராஜாவின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் முளைத்த ஒரு கன்றை ஒரு கப்பல் அதிகாரி அட்லாண்டிக்கைத் தாண்டி எடுத்துப் போனார். வழியில் தண்ணீர்ப் பஞ்சம். தனக்குக் கிடைத்த குடிதண்ணீரில் பாதியைச் செடிக்கு ஊற்றினாராம். பிரேசில்காரன் கதை இன்னும் ஜோர். பக்கத்து நாட்டுக்குப் பஞ்சாயத்துப் பேசப் போனவன், கவர்னர் மனைவியை மயக்கி, அவள் கொடுத்த பூங்கொத்துக்குள் கன்றை ஒளித்துக் கொண்டுவந்துவிட்டான்.

"என்னங்க இது, எல்லாம் திருட்டுப் பயிராவே இருக்கு! ஒருத்தனாவது நேர்மையா வாங்குனானா?" என்றாள்.

இலங்கைக் கதையை மட்டும் சிரிக்காமல் கேட்டாள். நம் சனங்கள் கப்பலேறிப் போய்க் காட்டை வெட்டிக் காப்பி நட்ட மலை அது. இலையில் துரு மாதிரி ஒரு நோய் விழுந்து தோட்டம் தோட்டமாகக் காப்பி அழிந்தது. அதே மலையில் பிறகு தேயிலை வந்தது. "அப்ப உங்க வீட்டு டீயே காப்பி செத்ததால வந்ததுதானா! நான் அப்பவே நெனச்சேன்" என்றாள்.

கதைகளை ரசித்தாள். காப்பியைத்தான் ரசிக்கவில்லை. கொலம்பியாவைக் குடித்துவிட்டு "நல்லா இருக்கு" என்றாள். ஜாவாவுக்கும் "நல்லா இருக்கு". ஒரு நாள் மறதியில் முந்தின நாள் டிகாஷனையே சூடுபண்ணி ஊற்றிவிட்டேன். என்னாலேயே வாயில் வைக்க முடியவில்லை. அதையும் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "நல்லா இருக்குங்க" என்றாள். முப்பது வருஷத்தில் என் கையால் போட்ட எதையும் நல்லா இருக்கு என்று சொல்லாதவள். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அழுகை வந்தது.

கடைசியாக மிச்சமிருந்தது எத்தியோப்பியா. காப்பி பிறந்த நாடே அதுதான். அங்கே விருந்தாளி வந்தால் பச்சைக் கொட்டையை அவர் முன்னாலேயே வறுப்பார்களாம். புகைகிற சட்டியை ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் கொண்டுபோய்க் காட்டுவார்களாம். முதலில் புகை, பிறகுதான் காப்பி. கற்பூரத் தட்டு காட்டுகிற மாதிரி. படித்ததும் துள்ளி எழுந்தேன். பாக்கெட் தூளுக்கு அசையாத மூக்கு, வறுக்கிற புகைக்கு அசையாதா?

குறிஞ்சிப்பாடியில் முந்திரி வியாபாரம் செய்கிற என் மச்சானுக்குப் போன் போட்டேன். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அவன் அப்போதுதான் ஏற்காடு போய் வந்திருந்தான், அங்கிருந்து ஒரு பை பச்சைக் காப்பிக்கொட்டையும் வாங்கி வந்திருந்தான். "வறுக்கிறதுதான மாமா? கவலைய விடுங்க. நான் பாக்காத வறுவலா?" என்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கினான். ஒரு கையில் கொட்டைப் பை, இன்னொரு கையில் முந்திரி வறுக்கிற, அடியெல்லாம் துளை போட்ட சட்டியும் கிளறுகிற நீளக் கம்பியும்.

கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டிச் சவுக்கு விறகில் அடுப்பு மூட்டினான். நான் அவளைக் கூப்பிடப் போனேன். "உங்க கூத்துக்கு நான் வரல. கண்ணுதான் எரியும். மூக்குக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல" என்று டிவியைப் பார்த்தபடியே சொன்னாள். சரி, வறுத்தபின் சட்டியை இங்கேயே கொண்டுவந்து காட்டிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன்.

பச்சைக் கொட்டை மஞ்சளாகி, பழுப்பாகி, பட்பட்டென்று வெடிக்க ஆரம்பித்தது. படித்திருந்த கணக்குப்படி இன்னும் சற்று நேரத்தில் இறக்கிவிட வேண்டும்.

"எறக்கு மச்சான்."

"அய்ய, இருங்க மாமா. இப்பதான வெடிக்கவே ஆரம்பிச்சிருக்கு. இனிமேதான் நெருப்பு புடிக்கணும்."

"நெருப்பு எதுக்குடா புடிக்கணும்?"

"ஓட்டுல இருக்கிற எண்ணெய் எரிய வேணாமா? நல்லா எரிஞ்சதும் மண்ணப் போட்டு அணைச்சா, உள்ள பருப்பு பொன்னு மாதிரி இருக்கும்."

"டேய், இதுக்கு ஓடே இல்லடா! இதுதான்டா பருப்பே!"

அவன் காதில் எங்கே ஏறப்போகிறது? பிறந்ததிலிருந்து முந்திரியைப் பார்த்த கண். சட்டியைப் பிடுங்கப் போனால் சூட்டில் கை வைக்க முடியவில்லை. கொட்டை கறுத்தது, எண்ணெய் கக்கியது, குபுகுபுவென்று புகை கிளம்பியது. பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. கடைசியில் அவன் ஆசைப்பட்டபடியே நெருப்பும் பிடித்தது. "பாத்தீங்களா!" என்று சந்தோஷமாக ஒரு முறம் மண்ணை அள்ளி அதன் தலையில் கொட்டினான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போது கூடத்திலிருந்து சத்தம் வந்தது.

"எவன்டா அங்க காப்பிக்கொட்டையக் கருக்கிறது? கரிஞ்ச நாத்தம் வீடெல்லாம் வருது! எறக்கித் தொலைங்களேன்டா!"

மச்சான் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். திட்டிக்கொண்டே கொல்லை வாசலுக்கு வந்து நின்றாள். முந்தானையால் மூக்கை இறுக்கிப் பொத்தியிருந்தாள்.

"அக்கா, இப்ப என்ன சொன்ன?" என்றான் மச்சான், மெதுவாக.

"கரிஞ்ச நாத்தம்னு..." என்றவள் அப்படியே நின்றாள். முந்தானையை மெல்ல விலக்கி மூச்சை இழுத்தாள். இறங்கி வந்து சட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இன்னொரு முறை இழுத்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "லேசாதாங்க வருது. ஆனா வருது" என்றாள். மச்சான் புகை கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மண்ணுக்குள்ளிருந்து கொஞ்சமாவது தேறுகிற கொட்டைகளை அவளே பொறுக்கித் துடைத்தாள். மிக்சியில் அவளே அரைத்தாள். என் கையிலிருந்து பில்டரைப் பிடுங்கிக்கொண்டு போய் அவளே டிகாஷன் இறக்கினாள். பால் தீய்ந்த நாளுக்குப் பிறகு அவள் காப்பி போடுவது அதுதான் முதல் தடவை. மூன்று டம்ளரில் ஊற்றி, தன்னுடையதை எடுத்து ஒரு வாய் குடித்தாள். நாங்கள் இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தூ! கேவலமா இருக்கு" என்றாள். "நல்ல கொட்டைய ரெண்டு கழுதையும் சேந்து நாசம் பண்ணிட்டீங்களே."

அந்தக் கேவலமான காப்பியை நான் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.