பிரேக் அக்காவின் வலது கால்

காரில் ஏறியதும் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, வலது பாதத்தைத் தன் பக்கத்து பிரேக்கின் மேல் பட்டும் படாமலும் வைத்துக்கொள்கிறார். அப்புறம்தான் ஓட்ட வந்தவரைத் திரும்பிப் பார்த்து, "ம், கிளப்புங்க" என்கிறார். டிரைவிங் ஸ்கூலில் இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. ஓட்டுகிறவர் தப்புச் செய்தால் வண்டியை நிறுத்த, சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேல் இருக்கும் காலை நம்பித்தான் ஊரார் தங்கள் மருமகளையும் மச்சானையும் இவரிடம் அனுப்புகிறார்கள். எல்லோருக்கும் இவர் பிரேக் அக்கா.

அந்தக் காலுக்கு ஓய்வு என்பதே தெரியாது. பஸ்ஸில் போனால் முன்சீட்டுக் கம்பியை மிதிக்கும். டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபாவில் இருந்தபடியே தரையை மிதிக்கும். அக்காவின் வீட்டுக்காரர் எலக்ட்ரீசியன், வாய்த்துடுக்குக்காரர். வீட்டில் மூன்றாவது கால்மிதியும் தேய்ந்துவிட்டது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புகார் சொல்வார்.

வண்டி சடக்கென்று நின்றுவிட்டால் அக்கா திட்டமாட்டார். என்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். ஓட்டியவருக்கு வாய் உலர்ந்திருக்கும், உள்ளங்கை நனைந்திருக்கும், சொந்தத் தெருப் பெயரைக் கேட்டாலும் முழிப்பார். "பயம் முதல்ல நரம்பு வழியா வரும், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள. அப்புறம் ரத்தத்துல ஒண்ணு சுரந்து இறங்கும் பாருங்க, அது அடங்க நேரமாகும். அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடாதீங்க" என்பார். எத்தனை பேர் கை நடுங்கிப் பார்த்திருக்கிறார்! படித்துத் தெரிந்ததைவிடப் பார்த்துத் தெரிந்ததுதான் அதிகம்.

அப்படிப்பட்டவருக்குத் தன் உடம்பு சொன்னது மட்டும் காதில் விழவில்லை, பாருங்கள். போன வருஷம் உச்சி வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். குரல் கட்டிக்கொண்டது. முகம் உப்பியது. எவ்வளவு தூங்கினாலும் தூக்கம் போதவில்லை. வயசாகுதுல்ல என்றார் ஸ்கூல் முதலாளி. அக்காவும் தலையாட்டிவிட்டார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, பேங்கில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, கார் நேராகப் போய்க் குப்பைத்தொட்டியில் இடித்தது. தொட்டி உருண்டதோடு சரி, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அக்கா தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மிதிக்க வேண்டும் என்று தான் நினைத்தது அவருக்கு நினைவிருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் நினைத்து மிதித்ததே கிடையாது. கால் மிதித்த பிறகுதான் நினைப்பே வரும். அன்றைக்கு நினைப்பு முன்னால் வந்து நின்றுகொண்டு, காலுக்காகக் காத்திருந்தது. தொட்டி இருந்த இடத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால்?

அப்போதே இறங்கிப் போய் முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். "கால் திரும்பி வந்தா நானும் வர்றேன். இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க."

டாக்டர் சின்ன வயதுப் பெண். அக்காவை நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினார். பாதம் துள்ளியது. ஆனால் துள்ளிய பாதம் அவசரமே இல்லாமல், கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்தவர் மாதிரி மெல்லத் திரும்பி வந்தது. டாக்டர் அதையே இரண்டு தரம் பார்த்தார். பிறகு காலை விட்டுவிட்டுக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். கூட வந்திருந்த வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. கோளாறு காலில் இருக்க, கழுத்தில் என்ன தேடுகிறார் என்று கேட்டே விட்டார்.

கோளாறு கழுத்தில்தான் இருந்தது. தைராய்டு சுரப்பி ஏறக்குறைய வேலையை நிறுத்தியிருந்தது. அது சுரப்பதுதான் இதயத்துக்கும் குடலுக்கும் தசைக்கும் நரம்புக்கும் வேகம் வைத்துக்கொடுக்கிறதாம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இன்னொரு சுரப்பி உட்கார்ந்துகொண்டு, மாதக்கணக்கில் அதை எழுப்பப் பார்த்திருக்கிறது. அது போட்ட கூச்சல் அத்தனையும் ரத்தப் பரிசோதனைத் தாளில் ஒரே ஒரு எண்ணாக உயர்ந்து நின்றது. டாக்டர் இதை விளக்க விளக்க, அக்காவுக்கு வியாதிக் கவலையே மறந்துவிட்டது. வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அடேயப்பா. எனக்குள்ள இவ்வளவு பேச்சுவார்த்தை நடந்திருக்கு, ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லலையே!"

காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். அதை விழுங்கிவிட்டு, டீக்காக அரைமணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நாற்காலியில் மண்டியிட, வீட்டுக்காரர் மரக்கரண்டியும் கையுமாகப் பின்னால் குந்துவார். தட்டுவார், இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாதத்தைப் பார்ப்பார்கள். முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை. வேலை போனது போனதுதான் என்று அக்கா ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அழுதார். "வயரிங் நல்லாத்தான் இருக்கு. கரெண்ட் வரட்டும், பொறு" என்றார் வீட்டுக்காரர். இரண்டாம் மாதம் ஸ்வெட்டர் அலமாரிக்குள் போனது. நான்காம் மாதம், தட்டிய கரண்டியை அவர் எடுப்பதற்குள் பாதம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. டாக்டரும் பார்த்துச் சரி என்றார். ஆனால் கரண்டிக்குத் துள்ளுவது வேறு, தெருவில் மிதிப்பது வேறு. அது அக்காவுக்குத் தெரியாதா?

திரும்ப வேலைக்கு வந்த அன்று ஓட்ட வந்தவர் ஒரு தையல்காரர். ஐம்பது வயது, வாயாடி. சட்டைக்கு அளவெடுக்கும் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே கடைத்தெருவில் வண்டியை நகர்த்தினார். அக்காவும் கதையில் லயித்துவிட்டார். நின்றிருந்த வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சைக்கிளை உருட்டிக்கொண்டு குறுக்கே வந்தாள்.

கார் நின்றிருந்தது. சைக்கிளுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம். அந்தப் பெண் முறைத்துவிட்டுப் போனாள். தையல்காரர் தான்தான் நிறுத்திவிட்டதாக நினைத்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அக்கா குனிந்து பார்த்தார். வலது பாதம் பிரேக்கைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டிருந்தது. எப்போது மிதித்தது என்று அவருக்கே தெரியவில்லை.

என்ஜினை அணைக்கச் சொன்னார். பிறகு கையை உயர்த்தித் தன் தொண்டைக்குழியின் மேல் வைத்து, தூங்கி எழுந்த குழந்தையைத் தட்டுவதுபோல, மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.